பருப்பு வேகிற தண்ணீர்: தர்மபுரியில் ஆறு நாள்

முதல் நாள்

மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கியபோது தோளில் ஒரு பை, கையில் மூன்றடி நீள பி.வி.சி. குழாய். தர்மபுரி பஸ்ஸில் கண்டக்டர் குழாயைப் பார்த்துவிட்டு, "போர் வேலையாம்மா?" என்று கேட்டார். "தண்ணி சுத்தம் பண்ற வேலைண்ணா" என்றேன். "இந்தப் பக்கம் அதுதான் வேணும்" என்று சொல்லி, குழாயை வாங்கி முன் சீட்டுக்கு அடியில் பத்திரமாகப் படுக்க வைத்தார்.

நான் எம்.டெக். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், சுற்றுச்சூழல் பொறியியல். குடிநீரிலிருந்து ஃபுளோரைடைப் பிரித்தெடுப்பதுதான் என் ஆய்வு. எட்டு மாதமாகச் சென்னையில் லேப் மேசையில் செய்த சோதனையை, ஃபுளோரைடு உண்மையிலேயே இருக்கிற ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறேன். ஆறு நாள் அனுமதி. ராத்திரி எத்தனை மணியானாலும் அன்றன்று நடந்ததை இங்கே எழுதிவிடுவதாக எண்ணம்.

ஃபுளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயக் கணக்கு. அதற்கு மேல் போனால், பால் பல் விழுந்து முளைக்கிற பற்களில் கறை. பல வருடம் தொடர்ந்து குடித்தால் எலும்பிலும் மூட்டிலும் பிடித்துக்கொள்ளும். இந்தியாவில் ஃபுளோரோசிஸ் என்கிற இந்த நோயை முதன்முதலில் பதிவு செய்தது 1937-இல், அன்றைய மதராஸ் மாகாணத்தின் நெல்லூர்ப் பக்கத்தில். தொண்ணூறு வருடத்தை நெருங்குகிறோம்.

இன்று பயணத்திலேயே பொழுது போய்விட்டது. பென்னாகரத்தில் ஒரு லாட்ஜில் அறை. கல்லூரி ஜூனியர் ஒருவனுக்குச் சொந்த ஊர் பாலக்கோடு. நாளை காலை பைக்கோடு வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். மீட்டரை எடுத்துச் சரிபார்த்தேன், உயிரோடு இருக்கிறது. தூங்கப் போகிறேன்.

இரண்டாம் நாள்

ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. பென்னாகரத்திலிருந்து பைக்கில் இருபது நிமிடம். வழியெல்லாம் புளியமரமும் குச்சிக்கிழங்குக் காடும். வீடுகளுக்குப் பின்னால் பாறை, பாறைக்குப் பின்னால் கரடு.

ஒரு அக்கா வீட்டுத் திண்ணையை எங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தார். அவருடைய மாமியாரை ஊரே ஆயா என்று கூப்பிடுகிறது. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நிமிர்ந்து பார்க்கக் கழுத்து திரும்பாது, உடம்பையே திருப்பித்தான் பார்க்கிறார். அதை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நான் ஃபுளோரைடு பற்றிப் பேச ஆரம்பித்ததுமே ஆயா, "எந்தத் தண்ணியப் பத்திக் கேக்கற கண்ணு?" என்றார். அந்த ஊரில் தண்ணீர் என்று பொதுவாக ஒன்று கிடையாது. அடிபம்புத் தண்ணி, கிணத்துத் தண்ணி, டேங்க் தண்ணி, ஒகேனக்கல் தண்ணி, காசு கொடுத்தால் கேன் தண்ணி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. கிணறு உப்பு, மாட்டுக்கும் துணிக்கும். ஒகேனக்கல் தண்ணி, அதாவது காவிரித் தண்ணி, குழாயில் விடுகிற நாளில் குடிக்கப் பிடித்து வைப்பார்கள்.

"சமையலுக்கு?"

"சமையலுக்கு அடிபம்புதான்" என்றார் அக்கா. "அதுலதான் பருப்பு வேவும். கிணத்துத் தண்ணில போட்டா விசில் மேல விசில் விட்டாலும் கல்லாட்டம் நிக்கும். அடிபம்புத் தண்ணி இனிக்கும், குடிச்சுப் பாரு."

குடித்துப் பார்த்தேன். சொன்னது சரி. வாயில் வழவழப்பாக, லேசாக இனிக்கிற தண்ணீர். சென்னையில் நான் குடிக்கிற எந்தத் தண்ணீரையும் விட ருசி.

ஐந்து இடத்தில் மாதிரி எடுத்தோம். ஃபுளோரைடு கண்ணாடியோடு சேரும் என்பதால் எல்லாம் பிளாஸ்டிக் பாட்டில். அடிபம்பில் பாட்டிலை நிரப்பும் முன் சில நிமிடம் அடித்துத் தண்ணீரை ஓட விட வேண்டும், குழாயில் தேங்கியது போய் நிலத்தடியிலிருந்து புதிதாக வர. ஜூனியர் அடிக்க, சுற்றி நின்ற சிறுவர்கள் முறை போட்டுக்கொண்டு வந்து அடித்தார்கள். வீணாகக் கூடாது என்று அக்கா அந்தத் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் திண்ணையில் மேசை போட்டு டைட்ரேஷன். முதலில் கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மெக்னீசியமும். 50 மில்லி தண்ணீரில் நிறங்காட்டியைப் போட்டால் திராட்சைச் சாறு மாதிரி சிவக்கும். பியூரெட்டிலிருந்து, அவை இரண்டையும் பிடித்துக்கொள்கிற இ.டி.டி.ஏ. கரைசல் சொட்டுச் சொட்டாக விழ விழ, கடைசி ஒரு சொட்டில் நீலமாகிவிடும். கிணற்றுத் தண்ணீர் முப்பது மில்லி தாண்டியும் சிவப்பாகவே நின்றது. அடிபம்புத் தண்ணீருக்கு நான்கு மில்லி போதுமாக இருந்தது. சுற்றி உட்கார்ந்திருந்த பிள்ளைகள் "நீலம்! நீலம்!" என்று கத்தினார்கள். "நான் சொல்லல? நல்ல தண்ணி" என்றார் ஆயா.

அப்புறம் ஃபுளோரைடு எலக்ட்ரோடு. அதன் நுனியில் லாந்தனம் ஃபுளோரைடு படிகம் ஒன்று இருக்கும். 1 மில்லிகிராம், 10 மில்லிகிராம் கரைசல்களில் முதலில் பழக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட 58 மில்லிவோல்ட் வந்தால் எலக்ட்ரோடு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். வந்தது. மாதிரியில் தாங்கல் கரைசலைச் சரிபாதி கலந்து எலக்ட்ரோடை இறக்கினேன்.

கிணறு, லிட்டருக்கு 0.9 மில்லிகிராம்.

அடிபம்பு 3.4.

அந்த எண்ணை உடனே சத்தமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று முறை மறுபடி பார்த்தேன். ஊரே நம்பிச் சமைக்கிற, இனிக்கிற தண்ணீர் அது.

அறைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து யோசித்தபோதுதான் பாடப்புத்தகத்தில் படித்த விஷயம் கண்ணெதிரே வந்து நின்றது. கால்சியம் நிறைய இருக்கிற தண்ணீரில் ஃபுளோரைடு ஓர் அளவுக்கு மேல் தங்காது. இரண்டும் சேர்ந்து படிந்துவிடும். பாறை இடுக்கில் பல காலம் கிடந்து, கால்சியத்தை இழந்து, சோடியமும் பைகார்பனேட்டும் ஏறிய தண்ணீரில்தான் பாறையின் ஃபுளோரைடு தாராளமாகக் கரையும். அந்தத் தண்ணீர்தான் மென்மையாக இருக்கும், இனிக்கும், சோடா உப்புப் போட்ட மாதிரி பருப்பைக் குழைய வைக்கும். எது பருப்பை வேக வைக்கிறதோ அதுவேதான் பல்லைக் கெடுக்கிற ஃபுளோரைடையும் பாறையிலிருந்து இழுத்து வருகிறது. ஆயாவின் நாக்கு பொய் சொல்லவில்லை. நாக்கால் ஃபுளோரைடைக் கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள்

காலை ஏழு மணிக்கே குழாயைத் திண்ணைத் தூணில் கட்டிவிட்டோம். அதனுள் ஒரு லிட்டர் ஆக்டிவேட்டட் அலுமினா, அதாவது அலுமினிய ஆக்சைடு: வெள்ளை வெளேரென்று, ஜவ்வரிசி மாதிரி மணிகள். மேலே ஒரு டிரம்மில் அடிபம்புத் தண்ணீர், கீழே சின்னக் குழாய். ஐந்து நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வீதம் இறங்குகிறது. தண்ணீர் மணிகளுக்கு நடுவே இறங்கும்போது ஃபுளோரைடு அவற்றின் மேல் ஒட்டிக்கொள்ளும். சென்னையில் இதே ஒரு லிட்டர் அலுமினா 700 லிட்டருக்கு மேல் தாக்குப் பிடித்தது. இங்கே அவ்வளவு இல்லாவிட்டாலும் அதில் பாதியாவது வரும் என்று எதிர்பார்த்தேன்.

முதல் சொம்பு தண்ணீரில் ஃபுளோரைடு 0.2. ஜூனியர் கைதட்டினான்.

குழாய் தன் பாட்டுக்கு ஓட, நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமை ஆசிரியை ஐந்தாம் வகுப்பில் பேச அனுமதித்தார். பல் விளக்குவது பற்றி யாரும் கேட்காமலே ஒரு சிறுமி எழுந்து, "நான் தினம் ரெண்டு வேளை விளக்குறேன் மிஸ்" என்றாள். சொல்லும்போதே கையால் வாயை மூடிக்கொண்டாள். அருகில் போய்ப் பேசியபோது பார்த்தேன். முன் பற்கள் இரண்டிலும் ஒரே உயரத்தில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி பழுப்புப் பட்டை. அதற்கு மேலும் கீழும் சுண்ணாம்பு வெள்ளை. பல் ஈறுக்குள்ளே உருவாகிக்கொண்டிருந்த வயதில் குடித்த தண்ணீர் போட்ட கோடு அது. வெளியே வந்த பிறகு எந்தப் பேஸ்ட்டும் வேப்பங்குச்சியும் அதை எடுக்காது.

"இது அழுக்கு இல்லம்மா. நீ விளக்காததால வந்தது இல்ல" என்று வகுப்பு முழுவதற்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். இந்தப் பயணத்தில் நான் சொன்னதிலேயே அவசியமான வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன். அழுக்குப் பல், காவிப் பல் என்று பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் கேலி செய்கிறார்களாம்.

ஓர் ஆசிரியர், தன் வீட்டில் எப்போதும் கொதிக்க வைத்துத்தான் குடிப்பதாகச் சொன்னார். கிருமிக்கு அது நல்லது. ஃபுளோரைடுக்கு உதவாது. ஆவியாகிப் போவது தண்ணீர்தான். ஃபுளோரைடு பாத்திரத்திலேயே நின்று, மிச்சத் தண்ணீரில் இன்னும் அடர்த்தியாகும். அவர் முகம் சட்டென்று மாறிவிட்டது. இத்தனை வருடமாகக் குழந்தைக்கு அக்கறையாகச் செய்தது வீண் என்று கேட்பது எந்த அப்பாவுக்கும் கஷ்டம். கிருமி விஷயத்தில் நீங்கள் செய்தது சரிதான் சார், ஆனால் ஒகேனக்கல் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான்காம் நாள்

மதியம் பன்னிரண்டு மணிக்கு, 130 லிட்டரில், என் குழாய் 1.5-ஐத் தாண்டியது.

எழுநூறு எங்கே, நூற்று முப்பது எங்கே. எலக்ட்ரோடைச் சந்தேகப்பட்டு மறுபடி பழக்கினேன். தண்ணீர் ஒரே பக்கமாக வழிந்திருக்குமோ என்று குழாயைக் கழற்றித் தட்டிப் பார்த்தோம். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

பிறகு அடிபம்புத் தண்ணீரின் காரத்தன்மையை, அதாவது அமிலத்தை எவ்வளவு தாங்குகிறது என்பதைப் பார்த்தேன். மெத்தில் ஆரஞ்சு நிறங்காட்டி மஞ்சளாகவே நிற்கிறது, அமிலம் இறங்கிக்கொண்டே இருக்கிறது. 50 மில்லிக்கு 24 மில்லி அமிலம் குடித்த பிறகுதான் நிறம் மாறியது. லிட்டருக்கு 480 மில்லிகிராம். பி.எச். 8.4.

அலுமினாவின் மேற்பரப்பு லேசான அமிலத் தண்ணீரில், பி.எச். 5, 6 வாக்கில், நேர்மின்னேற்றத்தோடு இருக்கும். எதிர்மின்னேற்றம் கொண்ட ஃபுளோரைடு ஓடிவந்து ஒட்டும். பி.எச். எட்டைத் தாண்டும்போது அந்த ஈர்ப்பு அடங்கிவிடுகிறது. போதாததற்கு பைகார்பனேட் வேறு அதே இடத்துக்குப் போட்டி போடுகிறது. சென்னையில் நான் செய்தது என்ன? காய்ச்சி வடித்த தண்ணீரில் சோடியம் ஃபுளோரைடு மட்டும் கலந்து ஊற்றினேன். அந்தத் தண்ணீரில் பைகார்பனேட்டே கிடையாது. அப்படி ஒரு தண்ணீர் இந்தப் பூமியில் எந்த ஊர்க் கிணற்றிலும் கிடையாது. ஃபுளோரைடு எங்கே இருக்குமோ அங்கே பைகார்பனேட்டும் இருக்கும் என்று முந்தாநாள் ராத்திரி நானே இங்கே எழுதியிருக்கிறேன். பருப்பை வேக வைக்கிற அதே குணம் என் குழாயையும் மடக்கிவிட்டது.

நெஞ்சு கனத்துப் போய் உட்கார்ந்திருந்தேன். எட்டு மாத வேலை. அக்கா ஒன்றும் கேட்காமல் களியும் கீரைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்டு முடித்ததும், "இந்த மாதிரி ஒண்ணு முன்னமே நம்மூர்ல இருந்துச்சு" என்றார்.

அழைத்துப் போய்க் காட்டினார். ஊரின் மறுகோடியில் இன்னொரு அடிபம்பு. அதன் கழுத்தோடு சேர்த்து, இடுப்பு உயரத்தில் ஒரு இரும்பு உருளை. துருப்பிடித்து, அடியில் ஓட்டை விழுந்திருந்தது. கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே அலுமினா. காய்ந்து, ஒன்றோடொன்று இறுகி, கட்டி கட்டியாக. யார் வைத்தார்கள், எந்த வருடம் என்று யாருக்கும் சரியாக நினைவில்லை. வைத்த புதிதில் ஓர் அண்ணனுக்குக் கழுவச் சொல்லிக் கொடுத்தார்களாம். அவரே வந்து சொன்னார்.

"காஸ்டிக் சோடா கரைச்சு ஊத்தணும், அப்பறம் ஆசிட்டு ஊத்தணும். ரெண்டு தடவை பண்ணினேன். சோடா தீந்துபோச்சு. கேட்டா அடுத்த வாரம் வரும்னாங்க. கையெல்லாம் வெந்துபோவும்மா அந்தச் சோடால."

"கழுவின தண்ணிய எங்கண்ணா ஊத்தினீங்க?"

அவர் பம்புக்குப் பக்கத்துப் பள்ளத்தைக் காட்டினார். அலுமினா பல நாளாகப் பிடித்து வைத்த ஃபுளோரைடு முழுவதும் அந்தப் பள்ளத்தில் இறங்கியிருக்கிறது.

சரி. அலுமினா கெட்ட பொருள் இல்லை. கழுவ ஆள் வேண்டும், அவருக்குக் கையுறை வேண்டும், சோடா தீரும் முன்னே அடுத்த மூட்டை வர வேண்டும், கழுவுநீரை வாங்க ஒரு தொட்டி வேண்டும். என் ஆய்வேட்டின் வரைவில் இது எதற்கும் ஒரு பக்கம்கூட இல்லை.

ஐந்தாம் நாள்

காலையில் ஒகேனக்கல். பென்னாகரத்திலிருந்து மலைப்பாதையில் இறங்குகிற பஸ். பரிசல், மீன் வறுவல், எண்ணெய்த் தேய்ப்பு எல்லாம் இருந்தன. நான் போனது இரண்டு பாட்டில் தண்ணீருக்கு. காவிரியில் ஃபுளோரைடு 0.4, காரத்தன்மையும் குறைவு. ஆற்று நீர் பாறைக்குள் கிடந்து ஊறுவதில்லை, ஓடிவிடுகிறது.

இந்தத் தண்ணீரைத் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுபோகத்தான் ஜப்பானின் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-இல் அடிக்கல், 2013-இல் திறப்பு. திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்ற சொல் இருக்கிறது. மாற்றுத் தண்ணீர் கொண்டுவருவதை விடச் சிறந்த சுத்திகரிப்பு இல்லை என்பதை, சுத்திகரிப்பு படிக்கிறவளாகவே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குழாயில் தினமும் வராத ஊரில், குடிக்க ஒன்று, சமைக்க ஒன்று என்று பிரித்துவிடுகிறார்கள். சமைக்கிற தண்ணீரும் வயிற்றுக்குள்தான் போகிறது. களி தண்ணீரையே உறிஞ்சிக் கிளறுவது. அடிபம்புத் தண்ணீரின் ஃபுளோரைடு முழுக்க அந்த உருண்டையில் இருக்கும்.

மதியம் ஊருக்குத் திரும்பி, படிகாரத்தை எடுத்தேன். நாக்பூரில் இருக்கும் நீரி (தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம்) 1970-களில் உருவாக்கிய நலகொண்டா முறை: படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுக் கலக்கி, தெளிய விட்டு, மேல் தண்ணீரை எடுப்பது. அடிபம்புத் தண்ணீருக்குச் சுண்ணாம்பே தேவைப்படவில்லை. படிகாரத்துக்கு வேண்டிய காரம் அதிலேயே இருக்கிறது. என் குழாயைத் தோற்கடித்த பைகார்பனேட் இங்கே துணைக்கு வருகிறது. 20 லிட்டர் வாளியில் 12 கிராம். வேகமாக ஒரு நிமிடம், மெதுவாகப் பத்து நிமிடம் கலக்கியதும் பஞ்சு பஞ்சாகத் திரண்டது. ஒரு மணி நேரத்தில் எல்லாம் அடியில். மேலே 1.3.

ஆயா ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். "துவர்க்குது. இனிப்பு போயிடுச்சு."

உண்மைதான். சல்ஃபேட் ஏறியிருக்கும், தண்ணீரில் தங்கும் அலுமினியத்தையும் பார்க்க வேண்டும். அதற்கான கருவி சென்னையில்தான் இருக்கிறது. இரண்டு பாட்டில் எடுத்து வைத்தேன். படிகாரம் அவசரத்துக்கு ஒரு வழி. தினமும் ஒரு பெண் பத்து நிமிடம் கலக்கி, ஒரு மணி நேரம் காத்திருந்து, அடியில் தங்கிய சேற்றை எங்கே கொட்டுவது என்றும் யோசித்துத்தான் உலை வைக்க முடியும் என்றால் அது நாலு நாளைக்கு நடக்கும்.

ஆறாம் நாள்

சாயங்காலம் ரயில். அதனால் விடிந்ததும் கிளம்பி ஊருக்குப் போனேன். முடிவுகளைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன்: எந்தத் தண்ணீர், எவ்வளவு. ஒன்று பள்ளிக்கு, ஒன்று ஊராட்சிக்கு, ஒன்று அக்காவுக்கு. அடிபம்பில் சிவப்பு வண்ணம் அடிக்கலாமா என்று ஊராட்சியில் பேச்சு எடுத்திருக்கிறார்கள். துணி துவைக்கவும் மாட்டுக்கொட்டகை கழுவவும் அந்தத் தண்ணீரும் ஆகும், அதனால் மூடக் கூடாது, குடிக்கவும் சமைக்கவும் கூடாது என்பது மட்டும் தெரிய வேண்டும் என்று சொன்னேன்.

அக்கா வீட்டில் விறகடுப்பில் இரண்டு சட்டி. "உக்காரு, இத பாத்துட்டுப் போ" என்றார்.

முந்தின ராத்திரியே இரண்டு கிண்ணத்தில் ஒரே அளவு துவரம்பருப்பை எடுத்து, ஒன்றை ஒகேனக்கல் தண்ணீரில் ஊறப் போட்டிருக்கிறார். இன்னொன்றை ஊறவே போடவில்லை, எப்போதும் செய்கிற மாதிரி காலையில் கழுவி நேராக அடிபம்புத் தண்ணீரில். யாரும் சொல்லித் தரவில்லை. நான் நாலு நாளாகத் திண்ணையில் செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு சட்டிக்கும் ஒரே அளவு தீ இருக்க வேண்டுமென்று விறகை நடுவில் வைத்திருந்தார்.

ஆயா முக்காலியைப் போட்டு அடுப்பருகே உட்கார்ந்துகொண்டார். அவ்வப்போது அக்கா கரண்டியில் ஒவ்வொரு சட்டியிலிருந்தும் நான்கு பருப்பு எடுத்து, ஊதி, ஆயாவின் உள்ளங்கையில் வைத்தார். ஆயா கட்டைவிரலால் நசுக்கிப் பார்த்தார். முதல் தடவை இரண்டும் கல். இரண்டாம் தடவை, அடிபம்புப் பருப்பு ஓரம் மட்டும் உடைந்தது, ஊறிய பருப்பு பாதி மசிந்தது. ஆயா ஒன்றும் சொல்லாமல் கையை முந்தானையில் துடைத்தார். நான் நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் தடவை இரண்டுமே விரலில் வழுக்கி மாவாகிவிட்டன.

"ஊற வெச்சா இதுவும் வேவுது" என்றார் ஆயா. மருமகளைப் பார்த்து, "ராத்திரி படுக்கப் போறப்ப நெனப்பா ஊறப் போட்ரணும். எனக்கு மறந்துபோவும், நீதான் பாத்துக்கணும்" என்றார்.

ஒகேனக்கல் தண்ணீர்ச் சட்டியிலிருந்த பருப்பில்தான் அன்றைக்குக் குழம்பு. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

இதை மொரப்பூர் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதுகிறேன். பையில் இருபத்திரண்டு பாட்டில். குழாயை ஜூனியர் வீட்டிலேயே விட்டுவிட்டேன், திரும்ப வருவேன். சென்னை போனதும் முதல் வேலை, காய்ச்சி வடித்த தண்ணீரை நிறுத்துவது. அடிபம்புத் தண்ணீரின் கணக்குப்படி சோடியம் பைகார்பனேட்டை அளந்து போட்டு, பி.எச். 8.4-இல் வைத்து, எட்டு மாதச் சோதனையை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வழிகாட்டிப் பேராசிரியரிடம் போனில் சொல்லிவிட்டேன். எத்தனை லிட்டரில் தாண்டியது என்று கேட்டார். நூற்று முப்பது என்றேன். "அந்த எண்ணை ஆய்வேட்டில் முதல் அட்டவணையில் போடு" என்றார்.

ரயில் வருகிறது.